ஆறு கேன் ஏற்றிய சைக்கிள்

1

"30.12 அன்று நமது வளாக வாசலில் நேர்ந்த விபத்தை முன்னிட்டு, மழைநீர் வடிகால் மூடியைத் திறந்து வைத்த கவனக்குறைவுக்காகப் பகல் காவலாளி இன்று முதல் பணியிலிருந்து நீக்கப்படுகிறார்."

பூந்தமல்லியிலிருந்து பாரிவாக்கம் போகும் வழியில் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் அறிவிப்புப் பலகையில், சென்ற ஜனவரி 4, சனிக்கிழமை ஒட்டப்பட்ட தாள் இது. செயலாளரின் கையொப்பம், சங்கத்தின் முத்திரை இரண்டும் உண்டு. அன்று மாலை நான்கே காலுக்கு அதைக் கைபேசியில் படம் எடுத்து வைத்தேன். எதையும் தேதியோடு எடுத்து வைப்பது என் பழக்கம். ஊரை விட்டு நெதர்லாந்துக்கு வந்த நாளிலிருந்து இன்றுவரை பதினாறு குறிப்பேடுகள் நிறைந்திருக்கின்றன.

அந்தத் தாளில் உள்ள ஒரே தகவல் பிழை, விபத்துக்குக் காரணம். உண்மையான காரணம் நான்.

இன்று டிசம்பர் 30, செவ்வாய்க்கிழமை. ஓராண்டு ஆகிறது.

2

இங்கே நான் இருக்கும் நகரத்தில் எல்லாரையும் போல என்னிடமும் ஒரு பெட்டி சைக்கிள் இருக்கிறது. முன்சக்கரத்துக்கும் ஓட்டுபவருக்கும் நடுவே தொட்டில் போல ஒரு மரப்பெட்டி. அதன் மேல் மழைக்கு ஒரு கூடாரம், கூடாரத்தில் கண்ணாடித்தாள் ஜன்னல். மேட்டில் ஏற மோட்டார் உதவுகிறது. சனிக்கிழமைகளில் உருளைக்கிழங்கும் பாலும் அதில் ஏறும். பக்கத்து வீட்டுக்காரர் தன் கிழட்டு நாயை அப்படித்தான் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோகிறார். என் மகள் ஷெரின் மூன்று வயதிலிருந்து ஏழு வயதுவரை அந்தப் பெட்டியில் உட்கார்ந்துதான் பள்ளிக்குப் போனாள். இப்போது பதினான்கு வயது. தெருவில் நான் அதை ஓட்டிவந்தால் எதிர்ப்பக்கம் கடந்து போய்விடுவாள்.

சென்ற மார்ச்சில் நகராட்சி இந்தச் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தினேன் என்று கடிதம் வந்தது. நேரில் போனேன். முகப்பில் இருந்த பெண்ணிடம் "என் சைக்கிளைக் கைது செய்துவிட்டீர்கள்" என்கிற பொருளில் ஏதோ சொல்லிவிட்டேன். அவள் சிரித்தாள். கூட வந்திருந்த ஷெரின் தலை குனிந்து தன் ஷூவைப் பார்த்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து நான்கு பக்கத்தில் ஆட்சேபம் எழுதினேன். தடைப் பலகை நட்ட நாளுக்கு முன்பே சைக்கிள் அங்கே நின்றிருந்ததற்கு மூன்று படங்கள் இணைத்தேன், மூன்றிலும் தேதி உண்டு. ஆறு வாரத்தில் வருத்தம் தெரிவித்துப் பதில் வந்தது. சைக்கிளும் வந்தது.

இந்த வெற்றியை ஊரில் உள்ளவர்களுக்கு எழுதத் தொடங்கியபோதுதான் பேனாவைக் கீழே வைத்தேன். வேறொரு மனிதருக்காக நான்கு வரி எழுதவேண்டியிருந்தது. அதை எழுதாதவன் இதை எழுதக் கூடாது என்று தோன்றியது. அதன் பிறகும் எட்டு மாதம் எழுதவில்லை.

3

சென்ற ஆண்டு ஷெரினின் வகுப்பில் ஒவ்வொருவரும் ஒரு பொருளைப் பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டும் என்றார்கள். அவள் எடுத்தது சைக்கிளில் சுமை ஏற்றும் வழிகள். நான் குஷியாகிவிட்டேன். மகள் என்னிடம் கேட்டு எழுதிக்கொள்ளும் விஷயம் ஒன்று வருவது அரிதாகிவிட்டது. மேசைக்கு எதிரே உட்கார்ந்து சொல்லிக்கொண்டே போனேன். கேரியரில் பதினைந்து தட்டு முட்டை, ரப்பர் டியூபால் கட்டியது. ஹேண்டில்பாரில் தலைகீழாகக் கோழிகள். இருபுறமும் கொக்கியில் காஸ் சிலிண்டர். எவர்சில்வர் பாத்திரக்காரர் வரும்போது சைக்கிளே தெரியாது, பாத்திரக் கடை ஒன்று தானாக நடந்து வருவது போலிருக்கும். சென்னை பாடியில் எங்கள் அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையில் ஷிப்டு விட்டதும் பின்னால் மனைவி, முன்னால் பாரில் துண்டு சுற்றிய குட்டி இருக்கையில் பிள்ளை, ஹேண்டிலில் டிபன் கேரியர் என்று ஒரு குடும்பமே ஒரே சைக்கிளில் மேம்பாலத்தடியில் போகும்.

ஷெரின் எழுதிக்கொண்டாள். பிறகு, படம் வேண்டும், இணையத்திலிருந்து எடுத்தது கூடாது, நாமே எடுத்ததாக இருக்க வேண்டும் என்பது ஆசிரியையின் நிபந்தனை என்றாள்.

"பெரியப்பாவை எடுப்போம்" என்றேன்.

அப்படித்தான் அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனோம். மனைவிக்கு விடுப்பு கிடைக்கவில்லை. நானும் ஷெரினும் மட்டும்.

4

என் அண்ணன் ஆரோக்கியராஜ் என்னை விட மூன்று வயது மூத்தவர். பாரிவாக்கம் பக்கம் கேன் தண்ணீர் போடுவது அவர் தொழில். எல்லாரும் குட்டி யானை வேன் வைத்துப் போடுகிறார்கள், அவர் மட்டும் சைக்கிளில். லாரி நுழையாத சந்துகளும், காலையில் வண்டிச் சத்தம் கூடாது என்று சொல்லும் இரண்டு அடுக்குமாடிகளும் அவருக்கு மிஞ்சியிருந்தன.

கேரியருக்கு இருபக்கமும் இரும்புச் சட்டம் அடித்துக் கொக்கி வைத்திருந்தார். ஒரு பக்கத்துக்கு இரண்டு கேன், மொத்தம் நான்கு. ஒரு கேன் இருபது கிலோ. எண்பது கிலோவோடு ஏறி மிதிக்க முடியாது, இடப்பக்கம் நின்று தள்ளிக்கொண்டு போவார். டிசம்பர் 28 அன்று காலை அவரோடு முழுச் சுற்றும் நடந்தேன். அன்றுதான் ஒன்று புரிந்தது. அவர் போகும் வழி கோணல்மாணலாக இருந்தது. பக்கத்து வீட்டைத் தாண்டிப்போய், திரும்பி வந்து போட்டார். கேட்டால் சிரித்தார். ஒற்றைக் கேன் வாங்கும் வீடுகளை அவர் எதிரெதிர் வாசலாகச் சேர்த்து வைத்திருந்தார். இந்த வாசலுக்கு இடப்பக்கக் கேன், அந்த வாசலுக்கு வலப்பக்கக் கேன். நடுவில் சைக்கிள் அசையாது. எதிர்வீட்டில் ஆள் இல்லையென்றால் இந்த வீட்டுக்கும் அந்த நேரம் தண்ணீர் கிடையாது.

"இந்தாண்ட ஒண்ணு எடுத்தியா, அந்தாண்ட ஒண்ணு எடுக்கற வரிக்கும் ஒரு கை சைக்கிளு மேல இருக்கணும். போனு வந்தாலும் எடுக்கக் கூடாது. ஒங்கண்ணிகூட அப்பதான் போன் பண்ணுவா."

இதை அன்றே குறிப்பேட்டில் எழுதினேன். தேதி இருக்கிறது. கீழே கோடும் போட்டிருக்கிறேன்.

5

டிசம்பர் 30, திங்கட்கிழமை, காலை எட்டரை மணி. மேலே சொன்ன குடியிருப்பின் வாசல். முந்தின இரவு மழை பெய்திருந்தது. வாசலுக்கு இடப்புறம், சுவரோரமாக, வடிகாலின் சிமெண்ட் மூடி ஒன்று தூக்கி வைக்கப்பட்டிருந்தது. தண்ணீர் வடியட்டும் என்று திறக்கச் சொன்னது சங்கமே. நாங்கள் சைக்கிளை நிறுத்தியது அங்கிருந்து இருபதடி தள்ளி, வலப்புறம், தட்டையான தரையில், ஸ்டாண்டு போட்டு. மெட்ரோ வேலை நடக்கும் பக்கமிருந்து துளைபோடும் சத்தம் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது.

பகல் காவலாளி நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். கேட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன அறை, அதிலேயே தங்கல். அண்ணனுக்கும் அவருக்கும் தினமும் வாய்ச்சண்டை.

"இன்னா அண்ணாத்தே, சினிமா ஷூட்டிங்கா?" என்றார்.

"ஆமா, நீதான் ஹீரோயினு. போய் மூஞ்சி கழுவிக்கினு வா" என்றார் அண்ணன்.

ஷெரின் நான்கு கேனோடு எடுத்தாள். படம் எனக்குப் போதவில்லை. என் மனதில் முட்டைத் தட்டும் பாத்திரக்காரரும் இருந்தார்கள். அந்த வகுப்பு வாயைப் பிளக்க வேண்டும். கேரியர் மேல் ஒன்று படுக்க வைக்கச் சொன்னேன். பிறகு பாரில் ஒன்று.

"நாலுக்கு மேல ஏத்தினா நாம சைக்கிள தள்ள மாட்டோம் நைனா, அது நம்மள தள்ளும்" என்றார்.

"தள்ள வேணாம். நின்னா போதும்."

ஏற்றினார். ஆறு கேன், நூற்றிருபது கிலோ. அப்புறம் இன்னொன்றும் சொன்னேன். அவர் வழக்கம்போல இடப்பக்கம் நின்றிருந்தார். கேன்கள் அவர் உடம்பில் மறைந்தன. அந்தப் பக்கம் போய் நில் என்றேன். தொழில் தொடங்கிய நாளிலிருந்து அவர் நிற்காத பக்கம் அது. போய் நின்று ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஷெரின் படத்தை எடுத்துவிட்டு வீடியோவைத் தொடங்கினாள்.

போதும் என்று பட்டதும், உதவி செய்வோம் என்று நான் குனிந்து என் பக்கத்துக் கேனைக் கழற்றிக் கீழே வைத்தேன். உடனே இரண்டாவதையும் கழற்றினேன்.

சைக்கிள் அண்ணன் பக்கம் சாய்ந்தது. கேட்டது இரும்புச் சட்டம் தரையில் அடித்த சத்தமும், ஒரு கேன் உடைந்து தண்ணீர் பரவிய சத்தமும்தான். வலக்கால் கணுக்காலுக்கு மேல் மடங்கி அடியில் கிடந்தது.

முதலில் ஓடிவந்தது காவலாளி. டீ கிளாஸை எங்கே போட்டார் என்று தெரியாது. தனியாகவே சைக்கிளைத் தூக்கி நிறுத்தினார். அந்த நேரத்தில் நான் சொன்னது மூன்று சொல். ஷெரினைப் பார்த்து, "வீடியோவ நிறுத்து, போதும்."

6

ஆஸ்பத்திரிக்கு அண்ணி பிலோமினா வந்து சேரும்போது பத்து மணி. என்ன ஆச்சு என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் சொன்னார்: "கால்வா மூடி தொறந்து கெடந்துச்சு. சக்கரம் எறங்கிடுச்சு."

என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். ஆறு நாளில் திரும்பிப் போகிறவன், போகும்போது சண்டை வேண்டாம் என்று நினைத்திருப்பார். அது அந்த ஆஸ்பத்திரிச் சுவருக்குள் நிற்கும் பொய் என்றுதான் நானும் நினைத்தேன். அண்ணியை நான் கணக்கில் எடுக்கவில்லை. அவர் மறுநாளே குடியிருப்பு வாசலில் போய் நின்று, போலீசுக்குப் போவேன் என்று கத்தியிருக்கிறார். மூடி திறந்திருந்தது உண்மை. திறக்கச் சொன்னவர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. சங்கத்துக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. அது நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

ஜனவரி 4 மாலை, பார்வையாளர் நேரத்தில் காவலாளி வார்டுக்கு வந்தார். கையில் ஒரு பை ஆரஞ்சு. அண்ணி மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். கட்டிலருகே நானும் ஷெரினும்.

"அண்ணாத்தே," என்றார், "கால்வா சிலாப்பாண்ட நீ வரவேயில்ல. ஒனக்குத் தெரியும். இந்தத் தம்பிக்கும் தெரியும். ரூமைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. செக்ரெட்டரிக்கு ஒரு போன் போட்டு ஒரு வார்த்த சொல்லேன். நான் வேற ஒண்ணும் கேக்கல."

அண்ணன் என்னைப் பார்த்தார். பதில் நான் சொல்ல வேண்டியது என்பது அந்தப் பார்வை. எனக்கு மறுநாள் காலை விமானம்.

"டாக்டர் அவர அதிகம் பேச வேணாம்னு சொல்லியிருக்காரு" என்றேன்.

காவலாளி பையை மேசைமேல் வைத்தார். போகும்போது ஷெரினின் தலையைத் தொட்டு, "நல்லா படிம்மா" என்றார். அந்த ஆரஞ்சை நாங்கள் சாப்பிட்டோம். நன்றாக இருந்தது.

7

ஷெரினின் பேச்சு பிப்ரவரியில் நடந்தது. நல்ல பாராட்டு. படத்தைப் பெரிதாக்கிப் பள்ளி நடைபாதையில் மாட்டியிருக்கிறார்கள். பெற்றோர் சந்திப்புக்குப் போனபோது பார்த்தேன். ஆறு கேன், நடுவே அண்ணனின் சிரிப்பு. கீழே, "இந்தியாவில் தண்ணீர் கொண்டுசெல்லும் ஒருவர்" என்று இந்த ஊர் மொழியில் எழுதியிருந்தாள்.

பெரியப்பா என்று ஏன் எழுதவில்லை என்று வீட்டில் கேட்டேன்.

"எழுதினா, இப்ப எப்படி இருக்காருன்னு கேப்பாங்க" என்றாள். அந்த ஒரு வாக்கியத்தைத் தமிழில் சொன்னாள். பிறகு தன் அறைக்குப் போய்விட்டாள். அதன்பின் என்னிடம் அவள் தமிழில் பேசுவது குறைந்துவிட்டது. வயதின் கோளாறு, எல்லார் வீட்டுப் பிள்ளைகளும் இப்படித்தான் என்று மற்ற தமிழ்ப் பெற்றோர் ஆறுதல் சொல்கிறார்கள். நானும் தலையாட்டுகிறேன்.

அண்ணன் காலில் இரும்புத் தகடு வைத்தார்கள். நடக்கலாம், எடையோடு தள்ள முடியாது. அவருடைய லைனைக் குட்டி யானைக்காரர் எடுத்துக்கொண்டார். வண்டிச் சத்தம் வேண்டாம் என்றிருந்த அந்த இரண்டு அடுக்குமாடிகளும் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டுவிட்டன. மார்ச் மாதம் குடியிருப்புச் சங்கம் கூடிப் பேசி, பாதிக்கப்பட்டவருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று முடிவெடுத்தது. பகல் காவலாளி வேலை காலியாகத்தான் இருந்தது. அதையும் அறையையும் அண்ணனுக்குக் கொடுத்தார்கள்.

இன்று அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். வருகிறவர் பெயரை நோட்டில் எழுதுகிறார். சாமான் கொண்டுவரும் சைக்கிள்களை உள்ளே விடுவதில்லை, வெளியே சுவரோரம் நிறுத்தச் சொல்கிறார். சங்கத்தின் உத்தரவு. போன மாதம் முட்டைக்காரர் ஒருவர் கெஞ்சியும் விடவில்லை என்று அவரே சொன்னார், கொஞ்சம் பெருமையாக.

8

இன்று காலை ஷெரினின் கைபேசி, "ஓராண்டுக்கு முன் இதே நாளில்" என்று ஒரு வீடியோவைத் தானாகக் காட்டியது. அடியில் உற்சாகமான இசையையும் அதுவே சேர்த்திருந்தது. அவள் அதை அழித்திருப்பாள் என்று நம்பியிருந்தேன். அழிக்கவில்லை. இசையை எடுத்துவிட்டு, முழுவதையும் குடும்பத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். கூடவே ஒரு சொல்: பெரியப்பா.

நாற்பத்தொரு நொடி. என் கை முதல் கேனைக் கழற்றுகிறது. என் கை இரண்டாவதைக் கழற்றுகிறது. வடிகால் மூடி தூரத்தில், ஓரமாக, யாருக்கும் தொந்தரவில்லாமல் கிடக்கிறது. கடைசியில் காவலாளி ஓடிவருகிறார். முதுகு மட்டும் தெரிகிறது, முகம் தெரியவில்லை.

ஏன் போட்டாய் என்று ஷெரினைக் கேட்டேன். "இதுல தேதி இருக்குப்பா" என்றாள்.

ஏழு நிமிடத்தில் அண்ணி அழைத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், அதற்குத் தயாராகவும் இருந்தேன். திட்டியிருந்தால் எளிதாகப் போயிருக்கும்.

"தம்பி, பாப்பாவ அத எடுக்கச் சொல்லு. எல்லார் போன்லயும் எடுக்கச் சொல்லு."

நான்தான் காரணம் என்று இவ்வளவு நாள் சொல்லாததற்கு மன்னிப்புக் கேட்டேன்.

"அது எனக்கு ஏப்ரல்லயே தெரியும். ஒங்கண்ணன் தூக்கத்துல கூட, ரெண்டு பக்கமும் எடுறான்னு பொலம்பிகினு கீறாரு. நீ மன்னிப்பெல்லாம் கேக்காத. வீடியோ வெளிய போச்சுன்னா சங்கத்துல இன்னா சொல்வாங்க? பொய் சொல்லி வேல வாங்கிட்டான்னு சொல்வாங்க. ரூமு போச்சுன்னா இந்தக் கால வெச்சிகினு எங்க குந்துவாரு? ஒன் ஊட்டு பெட்டி சைக்கிள்லயா?"

அந்தக் காவலாளி என்ன ஆனார் என்று கேட்டேன்.

"வீடியோல ஒங்கண்ணன் கால் ஒடையறது கீது. அந்தாளுக்கு வேல போறது கீதா? இல்லல்ல. அப்ப விடு."

போனை அண்ணனிடம் கொடுத்தார். கேட்டில் ஏதோ வண்டி வந்து ஹார்ன் அடித்தது, பொறு என்று யாரிடமோ சொன்னார். பிறகு என்னிடம், "நான் ஒனக்காகத்தான்டா பொய் சொன்னேன். மார்ச்சுக்கு அப்புறம் எனக்காக சும்மா கீறேன். நீயும் சும்மா இரு" என்றார்.

ஷெரினிடம் அதை எடுக்கச் சொன்னேன். எடுத்தாள். என்னைப் பார்க்காமல், சாப்பாட்டு மேசையில் தட்டுகளை அடுக்கிக்கொண்டே எடுத்தாள்.

9

மதியம் முழுவதும் ஒரு கடிதம் எழுதினேன். குடியிருப்புச் சங்கச் செயலாளருக்கு. நடந்தது இன்னது, செய்தவன் நான், மூடிக்கும் விபத்துக்கும் தொடர்பில்லை, காவலாளி தன் கடமைக்கு மேலும் செய்தவர். சைக்கிளுக்காக எழுதியதைப் போல இதையும் எண்ணிட்டுப் பத்தி பிரித்தேன். அனுப்பினால் அண்ணன் நாற்காலி போகும். அனுப்பாவிட்டால் நான் இருக்கிறபடி இருப்பேன், அவரும் இருக்கிறபடி இருப்பார். கடிதம் இன்னும் மேசையில்தான் இருக்கிறது. அனுப்பினேனா என்பதை இந்தக் குறிப்பில் எழுதப்போவதில்லை, ஏனென்றால் அது முடிந்தபாடில்லை. மூன்றாம் வரியில் காவலாளியின் பெயர் வர வேண்டும். அங்கே இடம் விட்டிருக்கிறேன்.

சங்கத்தின் தாளில் பெயர் இல்லை, "பகல் காவலாளி" என்றுதான் இருக்கிறது. என் குறிப்பேட்டில் டிசம்பர் 28 முதல் ஜனவரி 5 வரை பதினொரு பக்கம் உண்டு. கேனின் எடை, கொக்கியின் வளைவு, விமானம் கிளம்பிய நிமிடம் எல்லாம் உண்டு. அவர் பெயர் இல்லை. வாசல் நோட்டின் பழைய பக்கங்களில் அவர் தன் கையெழுத்துப் போட்டிருப்பார், பார்த்துச் சொல் என்று அண்ணனுக்குச் செய்தி அனுப்பினேன். பார்த்ததற்கான இரண்டு நீலக் குறிகள் விழுந்தன. பதில் வரவில்லை.

அண்ணன் எப்போதோ சொன்னதாக எனக்கு நினைவிருக்கும் பெயர் ஏகாம்பரம். அண்ணி ஒருமுறை ஏழுமலை என்றார். வேலை போனபின் அவர் திருமழிசைப் பக்கம் ஒரு கிடங்கில் இருப்பதாகவும், இல்லை, சொந்த ஊரான ஆற்காட்டுக்கே திரும்பிவிட்டதாகவும் இரண்டு பேச்சு உண்டு. பெயர், இருப்பிடம் இரண்டுமே இன்று மாலை வரை சரிபார்க்கப்படவில்லை.